பன்னிப் புல்வெளி: மேய்ச்சல் நிலம் யாருக்கு உரியது?

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

நிலப் பிரச்சினை என்றவுடன் உழுநிலமே நினைவுக்கு வருகிறது. ஏர் படாத நிலத்திலும் நிலப் பிரச்சினை உண்டு என்பதற்குக் குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தின் பன்னிப் புல்வெளி ஒரு சான்று. பூஜ் நகருக்கு வடக்கே, பெரிய ரண் எனப்படும் உப்புச் சதுப்புப் பாலைக்குத் தெற்கே, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ ஐம்பது சிற்றூர்கள் அங்கே உள்ளன.

கட்ச் மேட்டு நிலத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் சிற்றாறுகள் தாம் சுமந்துவந்த வண்டலை இங்கே பரப்பிவிட்டு ரண்ணில் அடங்கிவிடுகின்றன. அவ்வண்டலில் வளர்ந்ததே இந்தப் புல்வெளி. மழையோ ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான்; அதுவும் அடிக்கடி பொய்த்துவிடும். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். இத்தகைய இடத்தில் மனிதர் எவ்வாறு நிலைத்தனர்?

விடை, 'மால்தாரிகள்' எனப்படும் கால்நடை வளர்ப்போரின் உழைப்பில் இருக்கிறது. 'மால்' என்பது கால்நடைச் செல்வம். அதை உடையவர் மால்தாரி. ஜத், முத்வா, ஹாலேபோத்ரா முதலிய முஸ்லிம் சமூகத்தினரும், தலித் மேக்வால் மக்களும் அங்கே வாழ்கின்றனர். பள்ளமான இடங்களில் 'விர்தா' எனும் ஆழமற்ற கிணறுகளைத் தோண்டுகின்றனர். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆதலால் அது மேலே தங்குகிறது. அந்த மேலடுக்கு நீரை மட்டும் அளவோடு எடுக்கின்றனர். ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் மேலேறிவிடும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். எருமைகள் இரவில் தாமாகவே மேயச் சென்று, காலையில் பால் கறக்க ஊர் திரும்புகின்றன. இவர்கள் வளர்த்தெடுத்த எருமை 2010ஆம் ஆண்டில் தனி இனமாக அரசால் அங்கீகரிக்கப்பட்டது. அதை உருவாக்கியது ஆய்வுக்கூடம் அன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் கூட்டறிவு.

இந்த வாழ்க்கைமுறை மூன்று அடிகளை வாங்கியது. முதலாவது, 1947ஆம் ஆண்டுப் பிரிவினை. வறட்சிக் காலங்களில் மந்தைகள் சிந்துப் பகுதிக்குச் சென்றுவந்த வழியை எல்லை அடைத்துவிட்டது. இரண்டாவது, மேட்டு நிலத்து ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைகள். புல்வெளிக்கு வந்த வெள்ளமும் வண்டலும் குறைந்தன, உப்பு மிகுந்தது. மூன்றாவது, உப்பு பரவுவதைத் தடுக்கவென்று 1960களில் வனத்துறை பெருமளவில் விதைத்த மரம். ராமநாதபுரம் விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான சீமைக் கருவேலம்தான் அது. கட்ச் மக்கள் அதனைப் 'பைத்தியக்கார வேலம்' என்று பொருள்படும் 'காண்டோ பாவல்' என அழைக்கின்றனர். புல்லிருந்த இடத்தைப் புதர் பிடித்தது. அதன் காய்களைத் தின்ற காங்ரேஜ் மாடுகள் நோயுற்று மடிந்தன. மாடு வளர்த்தவர்கள் எருமைக்கு மாறினர். மாற வழியற்றோர் அதே மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு, வியாபாரிகளிடம் கூலிக்காரர்களாயினர். எருமைக் கூட்டம் வைத்திருப்பவருக்கும் கரி சுடுபவருக்கும் புல்வெளி ஒரே பொருளைத் தருவதில்லை. இந்த வேறுபாட்டைக் காணாமல் 'மால்தாரிகள்' என்று ஒரே சொல்லில் பேசுவது போதாது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது உரிமைப் பிரச்சினை. 1955இல் அந்நிலம் 'பாதுகாக்கப்பட்ட காடு' என அறிவிக்கப்பட்டது. அதன்பின் அது வருவாய்த் துறைக்கா, வனத்துறைக்கா என்பதே பல பத்தாண்டுகள் தீராத வழக்காயிற்று. அங்கே குடியிருந்தவர்களுக்கு உரிமை உண்டா என்று எத்துறையும் கேட்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தக் கேள்வியை எழுப்பியது. மக்கள் இயக்கங்களும் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளும் போராடிப் பெற்ற அச்சட்டம், பழங்குடியினர் அல்லாதோரும் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் உரிமை பெறலாம் என்கிறது. மேய்ச்சலும் அவ்வுரிமைகளுள் ஒன்று. பன்னியின் கிராம சபைகள் தனித்தனிப் பட்டா கேட்கவில்லை. முழுப் புல்வெளிக்கும் சமூக உரிமை கேட்டன. அந்தக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது.

இதற்கிடையில் புல்வெளிக்குள் வேலியிட்டுச் சாகுபடி செய்யும் ஆக்கிரமிப்புகள் பெருகின. மால்தாரிகளின் அமைப்பு 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. ஆக்கிரமிப்புகளை ஆறு மாதங்களுக்குள் அகற்ற வேண்டும் என்று 2021 மே மாதம் தீர்ப்பாயம் ஆணையிட்டது. வேலி போட்டவரிடமிருந்து நிலத்தைக் காக்க, வேலி போடாதவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது! இப்போது அதே புல்வெளியில் சிவிங்கிப் புலி இனப்பெருக்கத்திற்கும் வேலியிடும் திட்டம் முன்வந்துள்ளது. வனவிலங்குப் பாதுகாப்பு தேவையானதே. ஆனால் கிராம சபையின் சம்மதமின்றி எழும் எந்த வேலியும் சட்டத்தின் நோக்கத்திற்கு எதிரானது.

தோழர்களே, அரசின் ஏடுகளில் 'தரிசு' என்றும் 'காடு' என்றும் குறிக்கப்படும் நிலங்கள் நாடெங்கும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் மந்தை மேய்க்கும் உழைப்பாளிகள் வாழ்கின்றனர். பட்டா இல்லாததால் அவர்கள் விவசாயிகள் கணக்கிலும் வருவதில்லை. கூலி பெறாததால் தொழிலாளர் கணக்கிலும் வருவதில்லை. அவர்களின் சமூக உரிமைக் கோரிக்கையை விவசாய இயக்கத்தின் நிலக் கோரிக்கையோடு இணைப்பதும், அந்த உரிமையில் கரி சுடும் கூலியாளருக்கும் தலித் குடும்பங்களுக்கும் சமபங்கை உறுதி செய்வதும் இயக்கத்தின் பணியாகும்.