படுகளம் இல்லாத பாரதம்



திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகக் கதை பல நாள் நீளும். விடிய விடிய விழித்திருக்கும் கூட்டத்திற்கு முடிவு முன்னரே தெரியும். இறுதி நாளில் மண்ணாற் செய்த துரியோதனன் களத்தில் கிடப்பான், வீமன் அவன் தொடையைப் பிளப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி. வசூல் நன்றாயிருக்கிறது என்று துரியோதனனுக்கு மேலும் ஆறு மாத ஆயுள் வழங்க எந்தக் கூத்து வாத்தியாருக்கும் அதிகாரம் கிடையாது.

தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் கைவிடுவோரைப் பொறுமையற்றவர் என்பாருண்டு. பாரதம் முழுவதையும் கண்விழித்துக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளா பொறுமையற்றவர்கள்?

தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரம் என்னும் எல்லை பெரும்பாலும் இருந்தது. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’யின் வெற்றிக்குப் பின் நாள்தோறும் வரும் நெடுந்தொடரே வழக்கமாயிற்று. திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஓடி, 1500 பகுதிகளைக் கடந்தது. அவரே 2022-இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ இப்பொருளுக்குத் தக்க சான்று.

ஆதிமுத்து குணசேகரன் என்னும் மூத்தவனின் சொல்லே சட்டமான வீடு. அதன் அடுக்களையில் அடைபட்ட மருமக்கள் நால்வர். அவர்கள் வாசற்படி தாண்டுவார்களா என்ற கேள்வியே மக்களைத் திரைமுன் அமர்த்தியது. குணசேகரனாக வாழ்ந்து காட்டிய மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று அத்தொடரின் குரல்பதிவின்போது நெஞ்சுவலி கண்டு மறைந்தார். அவ்விடத்திற்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’ தந்தவரைக் காரணங்காட்டி விலகியோர் பலர்; அது நேர்மையன்று. நோய் கதையில் இருந்தது. பெண்கள் வாசல்வரை வருவர், ஒரு மிரட்டல், ஒரு சூழ்ச்சி, ஒரு கண்ணீர், மீண்டும் அடுக்களை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே இரண்டாம் பாகம் தொடங்கிற்று. குணசேகரனும் எழுந்து வந்தான்!

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். வாசகர் இன்னும் வேண்டும் என்றிருக்கையிலேயே நிறுத்தினார். அது ஒருவர் கையில் இருந்த பேனா. நெடுந்தொடரின் பேனாவோ வாரந்தோறும் வரும் பார்வையாளர் கணக்கின் கையில் இருக்கிறது. கணக்கு உயர்ந்தால் கதை நீளும். தாழ்ந்தால் கதை திசைமாறும்.

இதில் இழப்பவர் யார்? அடுக்களை வேலை முடித்து அரைமணி நேரம் அமரும் பெண். தன்னைப் போன்ற ஒருத்தியேனும் படி தாண்டட்டும் என்று ஈராண்டு காத்திருந்தவள் அவள். ஒருநாள் மாத்திரம் பார்க்காது விட்டாள். மறுநாள் பார்த்தபோது எதுவும் நகர்ந்திருக்கவில்லை. அதன்பின் அந்த நேரத்தில் அவள் மாவரைக்கிறாள். கணக்கெடுக்கும் கருவி பொருத்திய வீடுகள் நாட்டில் மிகச் சிலவே. அவள் வீட்டில் அது இருந்ததில்லை. அவள் பார்த்ததும் கணக்கில் ஏறவில்லை, விட்டதும் ஏறவில்லை.