தீட்டுக்கல்

எங்கள் வீடுகளில் தோல் சீவும் கத்தியைக் கடையில் வாங்கியதில்லை. உடைந்த ரம்பத் தகட்டைக் கையால் சுற்றும் சாணையில் பிடித்து வடிவெடுத்தார்கள் எங்கள் அப்பாக்கள். சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் முக்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வு, மறுபக்கம் தட்டை. பிறகு தீட்டுக்கல். விளிம்பில் எழும் பிசிறு விரலில் தட்டுப்பட்டால்தான் கூர் வந்ததாகக் கணக்கு. அதையும் தோல்துண்டில் இழுத்தே போக்குவார்கள்.

எஃகைப் படித்த இந்தக் கைகளைத்தான் ஊர் தீட்டு என்றது. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்வோரையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். பாரம்பரியக் கைத்திறன் என்று இப்போது புகழ வருகிறவர்களுக்குச் சொல்கிறோம்: இதை அறிவென்று எழுதுங்கள், தொழிலென்று எங்கள் பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். தீட்டி முடித்ததும் அப்பாக்கள் கத்தியைக் கூரையில் செருகிவிடுவார்கள், நாங்கள் எடுத்துப் பழகிவிடக் கூடாதென்று.