படபடப்பு கோழைத்தனம் அல்ல

(மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரெண்டு நாளா இங்கே பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசினோம். இரட்டைக் குவளையைப் பற்றி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். இந்தப் போராட்டத்தையெல்லாம் சுமக்கிற நம்ம உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு வந்ததையும், என்னிடம் வந்து மெதுவா சொன்ன பிள்ளைகளிடம் கேட்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வகுப்பில் எல்லார் முன்னாலயும் ஸ்காலர்ஷிப் பட்டியல் வாசிக்கிறாங்க. அடுத்து நம்ம பேர். திடீர்னு நெஞ்சு டமடமன்னு அடிக்குது, மூச்சு முட்டுது. உள்ளங்கை வேர்க்குது, விரல் நுனி மரத்துப்போகுது, தலை கிர்ருங்குது. செத்துடுவோமோ, பைத்தியம் பிடிச்சிடுமோன்னு தோணுது. கொஞ்ச நேரத்தில் அடங்கிடுது. ஆனா அடுத்த நாள் அந்த வகுப்புக்குப் போகவே கால் வரமாட்டேங்குது. இதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள். எனக்கு ஒரு காலத்தில் தாலுகா ஆபீஸ் படியேறும்போது இப்படி வரும்.

இதுக்கு நம்மகிட்ட மூணு பேர் இருக்கு. வீட்டில் 'காத்து கருப்பு அண்டிருச்சு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். கல்லூரியில் 'கோட்டாவில் வந்தவன், தாக்குப்பிடிக்க முடியல' என்கிறார்கள். இயக்கத்தில் 'பயந்தாங்கொள்ளி' என்கிறோம். மூன்றும் தப்பு. அதிலும் மூன்றாவது நம்ம வாயிலிருந்தே வருவதால் அதிகம் வலிக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளைக்குப் பட்டால் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ கை கால்களுக்கு ரத்தம் வேண்டும், அதனால் இதயம் வேகமா அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. அளவுக்கு மீறி வேகமா மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். இந்தப் பீதி சில நிமிடத்தில், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போய் பிறகு இறங்கும். அதனால் உயிர் போகாது, பைத்தியமும் பிடிக்காது. இது யாருக்கும் வரலாம், எந்தச் சாதிக்காரருக்கும் வரலாம்.

அப்படியானால் இதில் சாதி எங்கே வருகிறது? எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுக்கணும், யார் எதிரில் துண்டை இறக்கணும், எந்தக் கடையில் எட்டி நின்னு கேட்கணும் என்று நம்ம தாத்தா பாட்டிக்கு உடம்பிலேயே எழுதினார்கள். இன்னிக்கும் பல ஊர்களில் நம்ம பிள்ளை நடக்கப் பழகும்போதே எச்சரிக்கையா இருக்கவும் பழகுகிறது. இது பிறவிக் குணம் இல்லை, ரத்தத்தில் வந்ததும் இல்லை. அப்படிச் சொல்கிறவன் மனுவின் பேரன். ஆபத்து நிஜமா இருந்த இடத்தில் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. ஆபத்து இல்லாத இடத்திலும் அந்த உடம்பு சில சமயம் மணியடித்துவிடுகிறது.

இங்கேதான் நாம் பிரித்துப் பார்க்கப் பழகணும். ஒரு பயம் சரியான பயம். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிற அம்மாவுக்குக் கை நடுங்கினால், அது நோய் இல்லை. எதிரில் நிற்பவன் யார் என்று அவருக்குத் தெரியும். 1997இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிய நாட்டில் அந்தப் பயத்தை மனப்பிரமை என்று எவன் சொல்வான்? அந்த அம்மாவுக்கு வேண்டியது கூடவே போகிற பத்துப் பேர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தரச் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கணும்.

இன்னொன்று, ராத்திரி பதினொரு மணிக்கு விடுதி அறையில், யாரும் மிரட்டாதபோது வருகிற படபடப்பு. அதுக்கு மனு எழுத முடியாது, மூச்சைத்தான் பிடிக்கணும். மனு கொடுக்க வேண்டிய இடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது மோசடி. மூச்சு முட்டித் தவிக்கிறவன் முன்னால் சித்தாந்தம் பேசுவதும் கொடுமைதான். வைவா அறை வாசல் மாதிரி சில இடத்தில் ரெண்டும் கலந்தே வரும். அங்கே ரெண்டையும் செய்யணும்.

வந்தால் என்ன செய்வது? முதலில், 'இது பீதி, இறங்கிடும்' என்று நீங்களே உங்களுக்குச் சொல்லுங்கள். அதோடு மல்லுக்கட்டாதீர்கள், மல்லுக்கட்டினால் ஏறும். மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவா விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமா இருக்கணும். பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற அஞ்சு பொருளின் பேரை மனசுக்குள் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் கூட்டம் கூட்டவேண்டாம், முகத்தில் தண்ணி அடிக்கவேண்டாம். 'நான் இருக்கேன், மெதுவா விடு' என்று சொன்னால் போதும்.

முதல் தடவை வந்தால் டாக்டரிடம் போய் இதயத்தைப் பாருங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். தைராய்டு கோளாறாலும் ரத்தசோகையாலும் படபடப்பு வரும். நம்ம பெண் தோழர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும். கடைசியாச் சாப்பிட்டு, கடைசியாத் தூங்குகிற உடம்பு அது. ராத்திரி போஸ்டர் ஒட்டிவிட்டு, வெறும் வயித்தில் நாலு டீ குடித்துவிட்டு, காலையில் நெஞ்சு அடிக்குதுன்னா டீயையும் தூக்கத்தையும் கொஞ்சம் விசாரிக்கணும். ஆண் தோழர்கள் சிலர் இதுக்குச் சாராயத்தை மருந்தாக்கிக்கொள்கிறார்கள். ராத்திரி அடங்கும், விடிஞ்சா ரெண்டு மடங்கா வரும். மருந்துக்கடையில் தானா மாத்திரை வாங்கிப் போடுவதும் ஆபத்து. அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் உடனே அடக்கும், ஆனா பழக்கமாகிவிடும்.

எல்லாத்தையும்விட முக்கியமானது ஒதுங்கிப்போகாமல் இருப்பது. பஸ்ஸில் வந்ததுன்னு பஸ்ஸை விடுகிறோம். அப்புறம் வகுப்பு, அப்புறம் கூட்டம், கடைசியில் அறைக்கதவை விட்டே வெளியே வருவதில்லை. சேரியை ஊருக்கு வெளியே வைத்தது அவர்கள். நம்ம அறைக்குள்ளேயே இன்னொரு சேரியை நாமே கட்டவேண்டாம். இன்னிக்கு ஒரு தோழரோட ஒரு ஸ்டாப் போங்கள், நாளைக்கு ரெண்டு ஸ்டாப். உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நம்பிக்கை வரும். மனநல வைத்தியத்திலும் இதுதான் வழி.

பயத்தை வெளியே சொன்னால் மரியாதை போயிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்று சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னது. தான் அன்று எப்படி நடுங்கிப்போய்க் கெஞ்சினேன் என்பதையும், பதினெட்டு வருஷம் கழித்தும் அதை நினைத்தால் அழுகை வருவதையும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். ஒளிக்கவில்லை. அந்த மனிதர்தான் 1927இல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருந்தால் மகாடு நடந்திருக்காது.

ஃபனான் மனநல டாக்டர். 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் வேலை பார்த்தார். காலனி ஆட்சி மனித மனசை என்ன செய்கிறது என்பதை அங்கே நோயாளிகளிடம் கண்டு, 1956இல் வேலையை உதறி விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தார். சேர்ந்த பிறகும் மனநல வைத்தியத்தை விட்டுவிடவில்லை. விடுதலை வந்தால் நடுக்கம் தானா நிற்கும் என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை.

நாம் என்ன செய்யப்போகிறோம்? 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அது நிறுவனம் செய்த கொலை என்று முழங்கினோம். அது சரியான முழக்கம். அதோடு, நம்ம பக்கத்து அறையில் தூங்காமல் இருக்கிறவனைத் தட்டிக் கேட்கிற பழக்கமும் வேணும்.

மூணு யோசனை வைக்கிறேன், விவாதிச்சு முடிவு பண்ணுங்க. ஒன்று, படபடப்பு வருகிற தோழரை வேலையிலிருந்து ஓரங்கட்டக்கூடாது, தனியா எங்கேயும் அனுப்பவும் கூடாது. ரெண்டு பேரா அனுப்புங்கள். ரெண்டு, கூட்டத்தில் வழக்கு நிலவரம் கேட்கிற மாதிரி, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்றும் கேட்கணும். இதைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டக்கூடாது. மூணு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதை வெட்கமாக நினைக்கக்கூடாது. 2017 மனநலச் சட்டம் அரசுச் செலவில் நடக்கும் மனநல சேவையை உரிமை என்று சொல்கிறது, சாதி பார்த்து நடத்தக்கூடாது என்றும் சொல்கிறது. அங்கே நம்மை மட்டமா நடத்தினால், அதுக்கு மனு எழுத நமக்குத் தெரியும். போனில் பேசணும்னா 14416, டெலி மனஸ், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். செத்துப்போகணும்னு தோணினால் ஒரு நிமிஷமும் தனியா இருக்காதீங்க, யாரையாவது எழுப்புங்கள்.

பேசி முடித்த பிறகு யாராவது என்கிட்ட தனியாப் பேசணும்னா, சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் இருப்பேன். ஜெய்பீம்.