குதிரைக்கு விட்ட நிலம்

(பெரும்பாக்கத்தில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிண்டி ரேஸ்கோர்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். படிக்கட்டில் இறங்கி வரும்போது பெரியம்மா ஒருத்தங்க என்னை நிறுத்திக் கேட்டாங்க: "நமக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் இன்னாப்பா சம்பந்தம்? ஒரு மாசமா லிஃப்ட் ஓடல. அதப் பத்திப் பேசேன்." நியாயமான கேள்வி. பெரியம்மா, லிஃப்டுக்கும் கடைசியில் வருகிறேன். இரண்டும் ஒரே பேச்சுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் பிறந்தது சைதாப்பேட்டை ஆற்றங்கரை. நான் சின்னப் பையனாக இருக்கும்போது எங்க நைனா ரேஸ்கோர்ஸ் உள்ளே ஒரு வாரம் கொத்தனாரோடு கலவை போடப் போனார். முதல் நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ள எம்மாம் பெரிய இடம் தெரியுமா? நம்ப ஆத்தங்கரை ஜனம் மொத்தமும் போய்ப் படுத்தாலும் ஒரு மூலை நெறையாது." அம்மா கேட்டாள், "குதிரைக்கு அம்மாம் எடமா?" நைனா சிரித்தார். "குதிரை ஓடணும்ல. நாம எங்க ஓடப்போறோம்?"

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி நாங்கள் ஓடினோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் வந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். தண்ணீர் வடிந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். "நீங்க ஆக்கிரமிப்பாளர்கள், ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிறீர்கள், உங்களால்தான் வெள்ளம்" என்றார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். இது என்ன இடம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். நீர்நிலையில் குடியிருக்கிறாய் என்று குற்றம் சொல்லித் தூக்கியவர்கள் இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் கொண்டுவந்து அடுக்கினார்கள். அன்றைக்கு ஆக்கிரமிப்பாளர் என்ற வார்த்தை என் மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகுதான் நைனா சொன்ன அந்த நிலத்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலம் 160 ஏக்கர் 86 சென்ட். அரசு நிலம். 1946லிருந்து 99 வருசக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. வருசத்துக்கு வாடகை 614 ரூபாய் சொச்சம். மாசத்துக்கு இல்லை, வருசத்துக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு வருசத்துக்கு நாலு ரூபாய்கூட வராது. மொத்த நிலத்துக்கும் மாசம் ஐம்பத்தொரு ரூபாய் சொச்சம். இந்த ஒண்டு வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணமாக நாம் மாசாமாசம் கட்டுவது அதைவிட எத்தனை மடங்கு? வாடகையை உயர்த்துகிறோம் என்று அரசு சொன்னபோது, பத்திரத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை என்று கிளப் வாதாடியது. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி, கட்டு என்றது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தை எடுத்தது. கிளப் மறுபடி நீதிமன்றம் போனது.

இத்தனை வருசத்தில் ஒரு நாளாவது, ஒரு பத்திரிகையாவது, ஒரு அதிகாரியாவது அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னதுண்டா? இல்லை. அவர்கள் குத்தகைதாரர். அரசு நிலத்தில் பத்துக்குப் பத்து குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. அதே அரசு நிலத்தில் 160 ஏக்கருக்கு மதில் போட்டால் பாரம்பரியம். சாதி நம் வீட்டு வாசலில் மட்டுமில்லை தோழர்களே, வருவாய்த்துறை அகராதியிலும் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1974ல் குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986ல் கிளப்பையே எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. 1996ல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்புச் சொல்லி 1986ஆம் வருசச் சட்டத்தைத் தள்ளியது. இருபது வருசத்துக்கு மேல் இது சூதா திறமையா என்றே பேசினார்கள். இது யாருடைய நிலம் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

நிலத்தை எடுத்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். 118 ஏக்கரைத் தோட்டக்கலைத்துறைக்குக் கொடுத்துச் சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பது என்று 2024லேயே அரசு அறிவித்தது. வெள்ளத்தைத் தாங்கக் குளங்கள் வெட்டும் வேலையும் நடந்தது. நல்லது. ஆனால் 160ல் 118 போனால் மிச்சம் 42 ஏக்கருக்கு மேல். கிண்டியில் 42 ஏக்கர் என்றால் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். பொது நிலம் ஒரே நாளில் விற்கப்படுவதில்லை. முதலில் மேம்பாடு என்பார்கள். அப்புறம் தனியார் பங்களிப்பு என்பார்கள். அப்புறம் நீண்டகாலக் குத்தகை. கடைசியில் மதில். ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான்: அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூட விற்கக்கூடாது, குத்தகைக்கும் விடக்கூடாது. திறந்த வெளியாகவே இருக்கவேண்டும்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவத் தம்பி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டான். "என்னண்ணா, வேளச்சேரி அபார்ட்மெண்ட்காரன் காலையில வாக்கிங் போறதுக்கு நாம கொடி பிடிக்கணுமா? 160 ஏக்கர் இருக்கு. நம்மளத் தூக்கிப் போட்டாங்கல்ல, திரும்ப அங்கயே வீடு கட்டிக் கொடுன்னு கேக்க வேண்டியதுதானே?" அவன் கேட்டதில் கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பசுமை பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நான் அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் விசயம், தண்ணீர். கிண்டி மேடு, வேளச்சேரி பள்ளம். 265 ஏக்கர் இருந்ததாகச் சொல்லப்படும் வேளச்சேரி ஏரி இன்றைக்கு 55 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். ரேஸ்கோர்ஸ் ஓட்டத்தின் பெயரையே சுமக்கும் ஃபைவ் பர்லாங் சாலை ஓரத்தில், ஒரு கட்டடத்துக்கு ஆழமாகத் தோண்டிய குழி சரிந்தது. உள்ளே சிக்கிய இரண்டு தொழிலாளர்களின் உடலைத் தண்ணீர் இறைத்து எடுக்க நாலு நாள் ஆனது. செத்தது யார்? தொழிலாளி. மழைநீரைக் குடிக்கிற மண்ணை எல்லாம் சிமெண்ட் போட்டு மூடினால், அந்தத் தண்ணீர் முதலில் வருவது நம் வீட்டுக்கு. அப்புறம் அதே வெள்ளத்தைக் காரணம் காட்டி நம்மையே தூக்குவார்கள். எனவே திறந்த வெளி என்பது பணக்காரனின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. அது இல்லாமல் போனால் முதலில் மூழ்குவது நாம்.

இரண்டாவது, விற்பனைக்குக் கதவு திறந்தால் உள்ளே போவது யார்? நமக்கு வீடு என்ற பெயரில் ஒரு ஓரம் ஒதுக்குவார்கள். மிச்சம் முழுக்க கோபுரம் கோபுரமாய் விற்பார்கள். நம் வீட்டுக் கோரிக்கையைக் காட்டித்தான் கதவே திறக்கும். நம் பசியைக் காட்டி அடுத்தவன் விருந்து சாப்பிடுகிற கதை இது. நாம் வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கேட்போம், அதை விடப்போவதில்லை. அதற்கு வழி, இந்த நகரத்தில் அரசு நிலம் யார் யாருக்கு எத்தனை ஏக்கர் என்ன வாடகைக்குக் குத்தகையில் இருக்கிறது என்ற முழுப் பட்டியலையும் வெளியிடச் சொல்வது.

மூன்றாவது, நிலமற்றவனுக்கு இருக்கிற ஒரே சொத்து பொதுச் சொத்து. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைமையிடமே எங்கள் சைதாப்பேட்டைதான். அந்த மாவட்டக் கலெக்டர் திரமென்கீர் 1891ல் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் 1892ல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு வந்தது. எழுத்தில் இருந்த நிபந்தனை காற்றில் போனது. அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். விற்கக்கூடாது என்று எழுதிய நிலமே கைமாறிய நாட்டில், விற்கலாம் என்று எழுதினால் என்ன மிஞ்சும்?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் மேற்கே ரோஸ்ஹில் என்று ஒரு ரேஸ்கோர்ஸ். அதை 500 கோடி டாலருக்கு விற்று 25,000 வீடு கட்டலாம் என்று 2023 டிசம்பரில் திட்டம் வந்தது. 2025 மே மாதம் கிளப் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அதைத் தோற்கடித்தார்கள். விற்பனை நின்றது. ஆனால் ஓட்டு யாருக்கு இருந்தது? உறுப்பினர்களுக்கு மட்டும். வீடில்லாதவனுக்கு ஓட்டு இல்லை, பக்கத்தில் குடியிருப்பவனுக்கு இல்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு இல்லை. குதிரையா கோபுரமா என்ற இரண்டே கேள்வி. அந்தப் பொறியில் நாம் விழக்கூடாது. கிண்டியில் குதிரையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

சரி, விற்காமல் பூங்கா ஆக்கிவிட்டால் போதுமா? போதாது. கதீட்ரல் சாலையில் அரசு மீட்ட நிலத்தில் 2024 அக்டோபரில் ஒரு பூங்கா திறந்தார்கள். திறந்தபோது பெரியவர்களுக்கு 100 ரூபாய், குழந்தைகளுக்கு 50 ரூபாய் டிக்கெட். புருசன் பெண்டாட்டி இரண்டு பிள்ளை போனால் 300 ரூபாய். வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு அது எத்தனை மணி நேரக் கூலி? மதிலை இடித்துவிட்டு டிக்கெட் கவுண்டர் கட்டினால், அதுவும் மதில்தான்.

1924ல் ரெட்டமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டோர் தடையில்லாமல் போகலாம் என்பது அது. 1927ல் மகாதில் பாபாசாகேப் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது தாகத்துக்காக மட்டும் குடிக்கவில்லை. பொது என்றால் நாமும்தான் என்று நிலைநாட்டக் குடித்தார். ரெட்டமலையார் தீர்மானம் வந்து சரியாக நூறு வருசம் கழித்து 2024ல் கிண்டி நிலம் திரும்பி வந்தது. தற்செயல்தான். ஆனால் கேள்வி அதே கேள்வி: பொது என்றால் யார்?

ஆகவே நம் கோரிக்கைகளைத் தீர்மானமாக வைக்கிறேன். நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதைச் சட்டமாக எழுத வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. நம் பிள்ளைகள் பந்து விளையாட மைதானம் வேண்டும், புல்லை மிதிக்காதே என்ற பலகை வேண்டாம். அங்கே குதிரையைக் குளிப்பாட்டி, புல் போட்டு, லாயம் கூட்டிய தொழிலாளர்களுக்கு அங்கேயே முதலில் வேலை கொடுக்க வேண்டும், அவர்கள் நம் எதிரிகள் இல்லை. குளம், கால்வாய் என்ற பெயரில் சுற்றுவட்டாரத்தில் ஒரு குடிசைகூட அகற்றப்படக்கூடாது. குத்தகைப் பட்டியலை வெளியிட வேண்டும்.

எங்க நைனா இப்போது இல்லை. அவர் கலவை போட்ட சுவர் இன்னும் நிற்கிறதா என்று தெரியாது. அந்த நிலத்துக்குள் கூலி வாங்காமல், யாரிடமும் கேட்காமல், என் பேரப்பிள்ளையாவது ஓட வேண்டும்.

பெரியம்மா, லிஃப்டுக்கு வருகிறேன். 160 ஏக்கரைப் பற்றிக் கேட்க உனக்கு என்ன உரிமை என்று நினைக்கிற மனசுதான், ஒரு மாசமாக ஓடாத லிஃப்டைப் பற்றிக் கேட்டால் "ஓசியில வீடு வாங்கினவங்க" என்று நம்மைத் திட்டுகிறது. இரண்டு இடத்திலும் நாம் பிச்சை கேட்கவில்லை, பொதுச் சொத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு ஆபீசுக்குப் போகிறோம். ஒரு கையில் லிஃப்ட் மனு, ஒரு கையில் ரேஸ்கோர்ஸ் மனு. இரண்டிலும் கையெழுத்துப் போடாமல் யாரும் படி ஏற வேண்டாம். ஜெய்பீம்.