என் மகளும் அந்த நோட்டும்

வரவு செலவு வாசிக்கத்தான் இதுவரை மைக் பிடிச்சிருக்கேன். இன்னைக்கு என் மகளைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

அவளுக்கு ஆறு வயசுல ஆரம்பிச்சது. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து வாந்தி எடுப்பா. மணிக்கு அஞ்சாறு தடவை. ரெண்டு நாள் சுருண்டு கிடப்பா. மூணாம் நாள் சோறு கேட்டு வாங்கித் தின்னுட்டு விளையாடப் போயிடுவா. ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஒண்ணும் இருக்காது. மறுபடி அதே நேரம், அதே மாதிரி.

பூச்சின்னு மருந்து கொடுத்தோம். குடலேத்தம்னு தட்டினோம். மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். ஒரு இடத்துல, எல்லா டெஸ்ட்டும் நல்லா இருக்கு, பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்குதுன்னு சொல்லிட்டாங்க. நானும் நம்பி ஒருநாள் அடிச்சுட்டேன். "வேணும்னு எடுக்கலம்மா"ன்னு வாளியைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா. இதை மறைச்சுட்டு மத்ததைப் பேச எனக்கு வாய் வரல.

அப்புறம் மதுரையில ஒரு குழந்தை டாக்டர், "வீட்டுல யாருக்காவது ஒத்தைத் தலைவலி உண்டா?"ன்னு கேட்டார். எனக்கு உண்டு. இது அந்த மைக்ரேனோட சொந்தக்கார வியாதி, பேரு சைக்ளிக் வாமிட்டிங்னார். 1882-லயே லண்டன்ல சாமுவேல் ஜீங்கிற டாக்டர் எழுதி வச்சிருக்காராம். டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாதது நடிப்பு இல்லை, இந்த வியாதியோட குணமே அதுதான். வளர வளர நிறையப் பேருக்கு விட்டுடும், சிலருக்குத் தலைவலியா மாறும்.

ஒரு நோட்டு போடச் சொன்னார். எழுதிப் பார்த்தா, திருவிழாவுக்கு ராத்திரி கண் முழிச்சது, பரீட்சை, சளிக் காய்ச்சல், சாப்பிடாமத் தூங்கினது. சந்தோஷம் அதிகமானாலும் வருது! புதுத்துணி எடுத்த மறுநாள் வந்திருக்கு. இப்ப நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், டாக்டர் கொடுத்த மாத்திரை.

முகம் வெளுத்து எச்சில் ஊறினா எனக்குத் தெரிஞ்சிடும். விளக்கை அணைச்சுப் படுக்க வச்சிடுவேன். ஆறின வெந்நீர் ஒரு லிட்டர்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒண்ணு முழுசாக் கலந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். கடையில விக்கிற இனிப்பு ஜூஸ் அது இல்லை, பார்த்து வாங்குங்க. 1971-ல பங்களாதேஷ் அகதி முகாம்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காலரா ஜனங்களைக் காப்பாத்தினது இந்த உப்பு சர்க்கரைத் தண்ணியாலதான்.

ஆனா வாந்தி பச்சையா வந்தாலோ, ரத்தம் இருந்தாலோ, எட்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, எழுப்பினா எழுந்திரிக்கலைன்னாலோ வீட்டுல வைக்கக் கூடாது. உடனே 108. நம்ம ரோட்டுல மழைக்கு மரம் விழுந்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியும், அதனால மழைக்காலத்துல முன்னாடியே கீழே இறங்கிடுவேன்.

செலவுக்கு எங்க குழு கூட்டம் கூடும் வரை காத்திருக்காம உள்கடன் கொடுத்தது. டீச்சருக்கு டாக்டர் சீட்டு காட்டினதுல, வராத நாள் பாடத்தைப் பக்கத்துப் பிள்ளை நோட்டுல எழுதி அனுப்புறாங்க. சின்னவன்தான் "அக்காவைத்தான் பார்ப்ப"ன்னு கோவிச்சுக்குவான். ஸ்பூன் ஊத்துற வேலையை அவனுக்குக் கொடுத்தேன், இப்ப மணி பார்த்து ஊத்துறான்.

நோட்டை இப்ப மகளே எழுதுறா. இங்க கொண்டு வந்திருக்கேன். யார் வீட்டுப் பிள்ளைக்காவது இப்படி இருந்தா, சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வாங்க.