தேரியிற் கிடக்கும் கல்லேடு

(தமிழ் மாணவர்க்கும் தொல்லியல் ஆர்வலர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



தமிழினம் தொன்மையானது என்று மேடைதோறும் முழங்குவோர் பலர். அத்தொன்மைக்குச் சான்று எது என்று வினவினால், கையிலெடுத்துக் காட்ட அறிந்தோர் சிலர். சான்று காலடியிற் கிடந்தும் அதனை வெறுங்கல்லென்று எற்றிவிட்டுச் செல்வோரோ மிகப்பலர். இவ்வுரை அக்கல்லைப் பற்றியது.

தாமிரபரணி என்று இன்று வழங்கும் பொருநை கடலொடு கலக்குமிடத்திற்கு வடக்கும் தெற்கும் செம்மணல் மேடுகள் பரந்துகிடக்கின்றன. தேரி என்பது அவற்றிற்கு அந்நிலத்து மக்கள் இட்ட பெயர். 1986 வரை நெல்லை மாவட்டமாயிருந்து, பின்னர்த் தூத்துக்குடி மாவட்டமாகப் பிரிந்த பகுதி அது. 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலநூலறிஞர் இராபர்ட்டு புரூசு பூட்டு, சாயர்புரத் தேரியில் நுண்கற்கருவிகளையும் கண்டார். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குளத்தூர் முதலிய இடங்களை ஆராய்ந்து, சாய்னரும் ஆல்ச்சின் அம்மையாரும் 1956இல் விரிவான கட்டுரை வெளியிட்டனர். கடல்மட்டம் இன்றினும் உயர்ந்திருந்த காலத்தொடு இணைத்து, அக்கருவிகளுக்கு ஏறத்தாழக் கி.மு. 4000 என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

அக்கருவிகளுள் ஒன்று சுரண்டி. தோலில் ஒட்டிய ஊனையும் கொழுப்பையும் வழிக்கவும், மரக்கோலைச் சீவி இழைக்கவும் பயன்பட்டது அது. கத்தியின் வாய் மெலிந்திருக்கும். சுரண்டியின் வாய் தடித்துச் சரிந்திருக்கும். தச்சனின் உளியை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் தட்டை, மறுபுறம் சரிவு. சுரண்டியின் அமைப்பும் அதுவே. உளி இரும்பு, இது கல். வேறுபாடு அவ்வளவே.

இயற்கை உடைத்த கல்லையும் மாந்தன் உடைத்த கல்லையும் பிரித்தறிவது எங்ஙனம்? முதலில் இடத்தை நோக்குக. தேரி காற்றுக் குவித்த மணல். காற்று மணலைத் தூக்கும், கல்லைத் தூக்காது. ஆகலின், தேரியின் நடுவே ஒரு கற்சில்லு கிடந்தால், அதனைக் கொணர்ந்தவன் மாந்தனே என்று கருத இடமுண்டு. ஆற்றுப்படுகையில் அவ்வாறு கருதவியலாது. அங்கு வெள்ளமே கல்லை உருட்டும், உடைக்கவும் செய்யும்.

அடுத்துக் கல்லை நோக்குக. அடிபட்ட முனைக்குக் கீழே சிறு குமிழ் ஒன்று புடைத்திருக்கும். அதனைச் சூழ்ந்து, குளத்திற் கல்லெறிந்தாற்போல் மெல்லிய அலைவரிகள் விரியும். பின்னர் விளிம்பை நோக்குக. ஒரே பக்கத்திலிருந்து, ஒன்றையடுத்து ஒன்றாகச் சிறுசிறு செதில்கள் பெயர்த்த தழும்புகள் வரிசையாய் இருப்பின், அது கைவினை. ஓரிரு சில்லுகள் தாறுமாறாய்ப் பெயர்ந்திருப்பின், ஆடுமாடுகளின் குளம்பு பட்டதாகவும் இருக்கலாம், ஐயுறுக. இறுதியாக நிறத்தை நோக்குக. நெடுங்காலம் செம்மணலிற் புதைந்த கல்லில், தழும்புகளின் மேலும் செந்நிறம் ஏறியிருக்கும். உடைந்த முகம் புத்தம்புதிதாய் வெளுத்திருந்தால், அது நேற்றைய சாலைச் சல்லியாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் கற்றவுடன், பை நிறையப் பொறுக்கி வரலாம் என்று எவரும் எண்ணற்க. அங்கேதான் பெரும்பிழை நேர்கின்றது. அழகிய கருவியை மட்டும் எடுத்து, அருகிற் கிடக்கும் கழிவுச் சில்லுகளை விட்டுவருவோர், அவ்விடம் கருவி செய்த பட்டறையா, தங்கிச்சென்ற குடியிருப்பா என்று அறியும் வழியையே அழித்துவிடுகின்றனர். எந்த மண்படையில், எவற்றோடு கிடந்தது என்பதுதான் கல்லின் மொழி. இடம் பெயர்ந்த கல் ஊமைக்கல். 1876இல் யாகோர் என்னும் செருமானியர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றதை எண்ணித் தமிழர் இன்றும் வருந்துகின்றனர். அயலவன் கப்பலில் ஏற்றிச் சென்றாலும், நம்மவன் பேழையில் வைத்துப் பூட்டினாலும், இடக்குறிப்பு இன்றேல் சான்றுக்கு இழப்பு இழப்பே.

ஆகவே, கண்டவிடத்திலேயே கல்லைக் கிடக்கவிடுக. அதனருகே ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுக்க. ஊர், திசை, தொலைவு, நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. 1961இல் தோன்றிய தமிழ்நாட்டுத் தொல்லியல் துறைக்கு அறிவிக்க. தோண்டுதல் கூடவே கூடாது. மண்ணள்ளும் பொறிகள் தேரியைக் கரைக்கும் இக்காலத்தில், ஓர் இடத்தின் பெயரை உரிய காலத்தில் எழுதிவைப்பதும் அதனைக் காக்கும் பணியே.

இன்னுமொன்று, கசப்பாயினும் சொல்லியாகவேண்டும். சுரண்டி செய்தவன் எம்மொழி பேசினான் என்று கல் சொல்லாது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுப் பழமையுடையன என்று 2018இல் ஆய்வறிஞர் வெளியிட்டனர். அக்காலத்து மாந்தனைத் தமிழன் என்று மார்தட்டுவது அறிவுடைமையன்று. பொருநைக்கரையின் சிவகளைத் தாழியிற் கிடைத்த நெல் கி.மு. 1155ஐ ஒட்டியது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. தாழியினுள், மண்ணொடு மண்ணாய், இருந்த நிலையிலேயே முறைப்படி எடுக்கப்பட்டமையால் அந்நெல் பேசிற்று, உலகமும் செவிசாய்த்தது. ஒரு பொய்ப்பெருமை பிடிபட்டால், அதன்பின் சொல்லும் நூறு மெய்யும் எள்ளப்படும். தமிழுக்குப் பொய்ச்சான்று வேண்டா. மெய்ச்சான்றே போதும், அதனை அழியாமற் காப்போமாயின்.

தேரியில் நடக்கும்போது குனிந்து நோக்குங்கள். நோக்கியதை எழுதிவையுங்கள். எடுத்துவரவேண்டியது குறிப்பை, கல்லையன்று.