முரளியின் எண்ணூறும் எங்கள் கணக்கும்



போன மாதம் விளையாட்டுச் செய்திக்குப் பிறகு கொஞ்ச நேரம் மிஞ்சியது. அந்த இரண்டு நிமிடத்தில் முத்தையா முரளிதரனைப் புகழ்ந்து பேசினேன். நிகழ்ச்சி முடிந்து குளிர்கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. வயதான ஓர் அம்மா. "தம்பி, உங்கட நிகழ்ச்சியை நான் ஒவ்வொரு கிழமையும் கேக்கிறனான். ஆனா அவன்ர பேரை மட்டும் எனக்குக் கேக்கேலாது" என்றார். அவருடைய மகன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு ஒண்டும் வேண்டாம் மேனை. சொல்லவேணும் போல இருந்தது, சொன்னன்" என்று வைத்துவிட்டார்.

ஆகவே இன்றைக்கு இரண்டு நிமிடம் அல்ல, கொஞ்சம் கூடுதலாகவே முரளியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நான் கணக்காளன். முதலில் இலக்கம். முரளி 133 ரெஸ்ற் ஆட்டங்களில் 800 விக்கெற். ஷேன் வோர்ன் 145 ஆட்டங்களில் 708. அதாவது முரளிக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆறு, வோர்னுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தோடு விலகுவதாக முன்கூட்டியே அறிவித்தபோது அவருக்கு இன்னும் எட்டு விக்கெற் தேவை. எந்தக் கணக்காய்வாளனும் அப்படி ஒரு திட்டத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டான். கடைசி விக்கெற்றாக ஓஜா, மஹேல ஜயவர்தனவிடம் பிடி கொடுத்தார். அந்தப் பிடி நழுவியிருந்தால் 799 உடன் நின்றிருக்கலாம். அந்த இலக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

இனி மற்றப் பக்கம்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் விடியப்புறம் நாலரைக்கே கூடியிருந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா எங்கே என்று சரியாகத் தெரியாது. எங்களில் ஒருவன் அவுஸ்திரேலியாவுக்குக் கைதட்டினான். வாழ்க்கையில் ஒரு அவுஸ்திரேலியனோடு கதைத்திராதவன்! ஆனால் முரளி பந்தை எடுத்தவுடன் அவனும் பேசாமல் இருந்துவிட்டான். முரளி பத்து ஓவரில் 31 ஓட்டம்தான் கொடுத்தார். அந்தப் பத்து ஓவரும் ஒருவரும் கோப்பி எடுக்க எழும்பவில்லை. அரவிந்த டி சில்வா 107 ஓட்டம் அடித்து இலங்கை வென்றபோது யாரும் துள்ளவில்லை. யாரும் எழும்பிப் போகவும் இல்லை.

1999 ஜனவரியில் அடிலெயிட்டில் நடுவர் எமர்சன் முரளியின் பந்தை 'நோ போல்' என்றார். அதற்கு முன், 1995 டிசம்பரில் மெல்பேர்னில், டெரல் ஹெயார் ஏழு தரம் சொன்னதும் எங்களுக்கு மறக்கவில்லை. இந்தமுறை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, நடுவரோடு விரல் நீட்டிச் சண்டை பிடித்து, அணியையே எல்லைக்கோட்டுக்குக் கூட்டிச் சென்றார். ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழனுக்காக. அதை எந்தப் பக்கத்தில் பதிவது என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

2003இல் இன்னொரு பகிடி. அந்த உலகக் கிண்ணத்தில் சஞ்சயன் துரைசிங்கம் கனடாவின் சட்டையைப் போட்டு ஆடினார். கனடா பங்களாதேசை வென்றபோது எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. ஒருவழியாகக் கைதட்ட ஒரு நாடு கிடைத்துவிட்டது என்று, இலங்கைக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழும்பினேன். கனடா மொத்தம் 36 ஓட்டம். பிறகு போய்ப் படுத்துவிட்டேன்.

2010இல் அந்த எண்ணூறாவது விக்கெற் விழுந்து மூன்று கிழமையில் 'சன் சீ' கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தது. ஒரே பத்திரிகையில் இரண்டையும் வாசித்த மனிதர்கள் நாங்கள்.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் கமரூன் யாழ்ப்பாணம் போனபோது காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போது முரளி, கமரூனை மற்றவர்கள் பிழையாக வழிநடத்திவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார். எனக்கு அது பிழை. எண்ணூறு விக்கெற்றைக் கொண்டுவந்து அதற்கு மேல் வைத்தாலும் பிழைதான்.

ஆனால் எங்களிடமும் ஒரு பிழை இருக்கிறது. அவர் விக்கெற் எடுத்தால் "எங்கட பொடியன்". வாய் திறந்து பிடிக்காததைச் சொன்னால் "அவர் மலையகத்தார்தானே, எங்கட கஷ்டம் என்ன தெரியும்." 2020இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், தான் சிறுவனாக இருந்தபோது தன் தகப்பன் வெட்டப்பட்டதையும், உறவுகள் பலியானதையும் எழுதியிருந்தார். தோட்டத் தமிழரின் குடியுரிமை 1948இல் பறிபோனபோது எங்கள் தலைவர்களில் எத்தனை பேர் அவர்களோடு நின்றார்கள் என்பதையும் ஒருக்கால் யோசிக்கவேணும். இலாபத்தைத் தன் பெயரிலும் நட்டத்தைப் பங்காளியின் பெயரிலும் எழுதுகிற கடைக்காரரை எனக்குத் தெரியும். வரித் திணைக்களத்துக்கும் தெரியும்.

அந்த அறிக்கை '800' படத்துக்காக வந்தது. முரளியாக நடிக்கவிருந்த விஜய் சேதுபதிக்கு எதிராகத் தமிழ்நாட்டிலும் இங்கும் பெரிய எதிர்ப்பு. முரளியே விலகச் சொல்லிக் கேட்க, அவரும் "நன்றி வணக்கம்" என்று விலகிவிட்டார். பிறகு 'ஸ்லம்டோக் மில்லியனெயர்' படத்தில் அண்ணன் சலீமாக வந்த மதுர் மிட்டல் நடித்து, 2023 ஒக்டோபரில் படம் வெளியானது. என் அபிப்பிராயம்: சேதுபதி நடித்திருக்கவேணும். நடித்துக் கெடுத்திருந்தால் அதைப் பார்த்துத் திட்டியிருக்கலாம். வந்த படம் சுமார். கிரிக்கெட் நல்லாக இருக்கிறது. கேட்கவேண்டிய கேள்விகளை மெல்லத் தட்டிவிட்டுப் போகிறது, லெக் சைட்டில் ஓர் ஓட்டம் எடுப்பதுபோல.

வீட்டில் படம் பார்க்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க ஸ்ரீலங்கா ஃபானா, இல்லையா?" இங்கே பிறந்த பிள்ளை. 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸில் புளூ ஜேஸ் தோற்றபோது அழுதவள். சுத்தமான அழுகை. எந்தப் பக்கம் என்று யோசித்து அழவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. "முரளி போடேக்கை மட்டும்" என்றேன். "அப்பிடி ஒரு ஃபான் இருக்கேலாது" என்றாள். இருக்கிறோம் பிள்ளை, இந்த ஊரில் நிறையப் பேர்.

இந்தப் பேச்சை எழுதி முடித்ததும், தொலைபேசியில் பதிந்திருந்த இலக்கத்துக்கு அந்த அம்மாவை அழைத்தேன். இந்த ஞாயிறு அவரைப் பற்றித்தான் பேசுகிறேன், பத்து நிமிடம் வானொலியை நிறுத்தி வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நிப்பாட்டமாட்டன், சத்தத்தைக் குறைச்சுவிடுறன். எப்ப முடியுமெண்டு எனக்குத் தெரியவேணுமெல்லே. அதுக்குப் பிறகு பாட்டுப் போடுவியள்தானே, தம்பி?" என்றார்.

முடிந்துவிட்டது, அம்மா. இனிச் சத்தத்தைக் கூட்டலாம். அடுத்தது பாட்டு.